மறு: கொழுப்பு படிந்த கல்லீரலா, கொழுப்புத் தேக்கமா?

குழுவினருக்கு வணக்கம். 'ஃபேட்டி லிவர்', ரத்தத்தில் கூடும் யூரிக் அமிலம், இந்த இரண்டையும் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> 'கொழுப்பு படிந்த கல்லீரல்' எல்லோருக்கும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, புரிகிறது என்பதில்தான் எனக்குத் தயக்கம். மன்னார்குடிப் பக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 18 வருடமாக வேலை பார்க்கிறேன். இந்தச் சொல்லை அன்றாடம் யாருக்காவது வாய்விட்டுச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

போன வாரம் ஓர் அம்மா வந்தார். வயது ஐம்பதுக்கு மேல், நல்ல பருமன், முழங்கால் வலி. ஸ்கேன் தாளை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்திருந்தார். 'ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்'. கூட வந்த மகள் "முதல் கிரேடுதாம்மா, நல்லதுதான்" என்று தேற்றிக்கொண்டிருந்தாள். கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்தை ஏ கிரேடு என்று எடுப்பதைப் பார்த்து வளர்ந்த பெண். அவளுக்கு வேறெப்படித் தோன்றும்? ஸ்கேன் தாளில் கிரேடு என்பது தரமல்ல, கொழுப்பு எவ்வளவு என்ற படிநிலை. அம்மாவின் கவலையோ வேறு. என் பக்கம் குனிந்து, "ஈரல் கெட்டா குடிகாரன்னுதானே தம்பி சொல்லுவாங்க, நான் கையால தொட்டதில்லையே" என்றார். ரத்தத்தில் சேரும் கழிவான யூரிக் அமிலமும் 7.9 என்று கூடுதலாக இருந்தது.

'கொழுப்பு படிந்திருக்கிறது' என்று சொன்னேன். உடனே கேட்டார்: "கழுவி எடுத்துட முடியுமா?"

இதுதான் 'படிதல்' செய்கிற வேலை. பாலில் ஆடை படிகிறது, வாய்க்காலில் வண்டல் படிகிறது. இரண்டும் மேலோ அடியிலோ தனியாகக் கிடப்பவை, வழித்தெடுக்கலாம், தூர்வாரலாம். ஈரல் கொழுப்பு அப்படி இல்லை. செல்லுக்குள்ளேயே துளித்துளியாக நிற்கிறது. நூற்றுக்கு ஐந்து செல்களிலாவது அப்படி நின்றால்தான் அதை நோய்க் கணக்கில் சேர்க்கிறார்கள். வெளியிலிருந்து சுரண்ட அங்கே ஒன்றும் கிடையாது.

நம் குழுவில் கும்பகோணத்து அம்மா முன்வைத்த 'கொழுப்பேற்றம்' இதைவிடத் தேவலை. ஆனால் ஏற்றம் என்றால் யாரோ ஏற்றியதாக ஆகிறது. உடம்பு பருத்தவர்கள் ஏற்கெனவே 'தின்னே ஏத்திக்கிட்டே' என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு நொந்திருக்கிறார்கள்.

என் முன்மொழிவு: கொழுப்புத் தேக்கம்.

ஐப்பசி அடைமழையில் சம்பா வயலில் தண்ணீர் ஏன் நிற்கிறது? மழை மட்டும் காரணமில்லை. வடிவாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கும். வரத்து கூடி, வடிதல் குறைந்தால் தேக்கம். ஈரலிலும் அதே கணக்கு. பருத்த உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பமிலம் வந்துகொண்டே இருக்கிறது. மிஞ்சிய சர்க்கரையிலிருந்து ஈரல் தானும் கொழுப்பைச் செய்கிறது. எரிப்பதும் ரத்தத்தில் ஏற்றி வெளியே அனுப்புவதும்தான் வடிகால். வரத்துக்கு வடிகால் ஈடுகொடுக்காதபோது செல்லில் நிற்கிறது. வடியும் என்ற நம்பிக்கையும் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். அந்த அம்மாவிடம் வயலைச் சொல்லி விளக்கியதும், "அப்ப வடிச்சுடலாம்" என்று அவரே முடித்தார்.

பித்தநீர் வடியாமல் நிற்பதற்குப் 'பித்தத் தேக்கம்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே, குழம்பாதா என்று கேட்கலாம். குழம்பாது. எது தேங்கியது என்பதை முன்சொல் சொல்லிவிடுகிறது.

> யூரிக் அமிலத்துக்கு 'உப்பமிலம்' என்று வைக்கலாம். இரண்டையும் சேர்த்து 'யூரிக் ஈரல் நோய்' என்றும் சொல்லலாம்.

இரண்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் கூடினால் 'உப்பு ஏறியிருக்கு' என்றுதான் நம் பக்கம் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு வருபவர்களை நான் பார்க்கிறேன். இதற்கும் உப்பு என்றால் தொல்லை இரட்டிப்பாகும். யூரிக் அமிலம் என்றே இருக்கட்டும், அறிக்கையில் அப்படித்தான் அச்சாகிறது.

'யூரிக் ஈரல் நோய்' இன்னும் பெரிய சிக்கல். யூரிக் அமிலம் கூடியவர்களிடம் ஈரல் கொழுப்பும் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது பல ஆய்வுகளில் வந்த செய்தி. இரண்டுக்கும் பொதுவான ஊற்றும் உண்டு. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அசோகா அல்வாவானாலும் கலர் பானமானாலும் அந்தப் பாதி பெரும்பாலும் ஈரலுக்குத்தான் போகிறது. அங்கே அதைக் கையாளும் வேகத்தில் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி செலவாகி, அதன் மிச்சம் உடைந்து யூரிக் அமிலமாகிறது. ஃப்ரக்டோஸின் ஒரு பங்கு கொழுப்பாகிறது. ஓர் அடுப்பில் இரண்டு பண்டம். ஆனால் யூரிக் அமிலம்தான் ஈரலில் கொழுப்பைச் சேர்க்கிறதா என்பது தீரவில்லை. ஈரல் கொழுப்புக்கென்று யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தருவதும் ஏற்கப்பட்ட மருத்துவமில்லை. தீராத வழக்குக்குப் பெயரே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது சொல்லுக்கு நானும் முதலில் 'யூரிக் அமிலத் தேக்கம்' என்றுதான் குறித்துவைத்தேன். காரணம் உண்டு. இந்த அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. பருமனில் இன்சுலின் மிகுந்து, சிறுநீரகம் யூரிக் அமிலத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. இங்கேயும் வடிகால்தான் அடைபட்டது. ஆனால் சிலருக்கு உற்பத்தியே மிகுதி. தாளில் இருக்கும் எண்ணைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. எனவே எண்ணுக்கு 'யூரிக் அமில மிகை', உறுப்பின் நிலைக்கு 'தேக்கம்' என்று பிரித்துக்கொள்வதே நேர்மை.

2023-இல் உலக அளவில் ஈரல் மருத்துவர்கள் கூடி இந்த நோயின் ஆங்கிலப் பெயரை மாற்றியபோது, 'மது சாரா' என்ற முன்னொட்டையும் 'கொழுத்த' என்ற பொருள்படும் அடைமொழியையும் எடுத்துவிட்டார்கள். முன்னது நோயை மதுவோடு பொருத்தியே பேசுகிறது, பின்னது நோயாளியைச் சுடுகிறது என்று காரணம் சொன்னார்கள். தமிழில் 'உனக்குக் கொழுப்பு' என்றால் திமிர் என்றும் பொருள் என்பதால் நமக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். கொழுப்புக்கு 'நிணம்' என்று ஒரு பழைய சொல் உண்டு, அழகும் கூட. ஆனால் அது நிணநீர் (லிம்ஃப்) என்று வேறொன்றுக்குப் போய்விட்டது. தேக்கத்தோடு சேரும்போது கொழுப்பு ஒரு பொருளாக மட்டும் நிற்கிறது, வசவு ஒட்டுவதில்லை. அதனால் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

முழுப்பெயர், மருத்துவ நூலுக்கு: வளர்சிதைமாற்றக் கோளாறு சார் கல்லீரல் கொழுப்புத் தேக்க நோய். வாயில் சொல்ல: ஈரல் கொழுப்புத் தேக்கம். ஈரல் என்றால் நுரையீரலும் மண்ணீரலும் அடங்குமே என்பது சரியான ஆட்சேபம். ஆனால் கறிக்கடையிலிருந்து வைத்தியர் வரை ஈரல் என்றால் நம் ஊரில் கல்லீரல்தான்.

எங்கள் கூடத்தின் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வேதாரண்யம், காரைக்கால், திருவாரூர் நண்பர்கள் அதற்குள் வீட்டில் யாரிடமாவது இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்து, விளக்குவதற்கு முன் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அப்படியே எழுதுங்கள்.