பன்னா மரியா கோயில் படத்துக்குக் கீழே என்ன போடுறது?

*அமலி:* ராயப்பன் மாமா, பங்கு மலருக்கு டெக்சாஸ் பன்னா மரியா கோயில் படம் எடுத்து வச்சிருக்கோம். "1854-ல் போலந்துக்காரர் கட்டிய கோயில்"னு கீழே போடலாமா?

*ராயப்பன் மாமா:* வேண்டாம்மா. 1854 பங்கு, அதாவது அந்த ஊர்க் கத்தோலிக்கச் சமூகம், தொடங்கின வருஷம். அப்ப அங்க கட்டடமே கிடையாது. டிசம்பர் 24 அன்னைக்கு ஓக் மரத்தடியில முதல் பூசை நடந்துச்சு.

*செல்வி அக்கா:* முதல் கோயிலை 1856 செப்டம்பர் 29 அன்னைக்கு மந்திரிச்சாங்க, அதாவது ஆசீர்வதிச்சாங்க. 1875-ல இடி விழுந்து அழிஞ்சுபோச்சு. இப்ப நிக்கிறது 1877-78-ல எழுப்பினது, அதையும் 1937-ல பெருசாக்கினாங்க. அமெரிக்காவுல மிகப் பழைய போலிஷ் குடியிருப்புன்னு ஊரைச் சொல்லலாம், இந்தச் சுவரைச் சொல்லக் கூடாது.

*ஜெரோம்:* போலந்துல இருந்து டெக்சாஸுக்கு ஏன் போனாங்க மாமா?

*ராயப்பன் மாமா:* அவங்க மேல் சிலேசியாக்காரங்க, இப்ப போலந்துல இருக்கிற அந்தப் பகுதி அப்ப பிரஷ்யாங்கிற ஜெர்மானிய ராஜ்யத்தோட ஆட்சியில. 1854-ல ஓடர் ஆத்துல வெள்ளம், தானிய விலை ஏறிப்போச்சு. அதே மண்ணுல பிறந்த பிரான்சிஸ்கன் சாமியார் லியோபோல்ட் மொச்சிகெம்பா ஏற்கனவே டெக்சாஸ்ல இருந்தார். "இங்க வாங்க"ன்னு அவர் எழுதின கடிதங்கள்தான் இழுத்துச்சு. கால்வெஸ்டன் துறைமுகத்துல இறங்கி, உள்நாட்டுக்கு நடந்தும் வண்டியிலயும் போனாங்க.

*செல்வி அக்கா:* போய்ச் சேர்ந்த இடம் சான் அன்டோனியோ ஆறும் சிபோலோ ஓடையும் கூடுற மேடு. வீடு இல்ல, உயரமான புல்லு, அதுக்குள்ள கிலுகிலுப்பைப் பாம்பு. கோயில் எழும்புன 1856-லயே கடும் வறட்சியும் ஆரம்பிச்சுது. வரச் சொன்ன சாமியார் மேலேயே ஜனங்களுக்குக் கோபம். அவர் அந்த வருஷமே ஊரை விட்டுப் போயிட்டார்.

*அமலி:* அப்புறம் திரும்பி வரலையா அக்கா?

*செல்வி அக்கா:* 1891-ல டெட்ராய்ட் பக்கம் இறந்தார். 1974-ல அவர் எலும்புகளைக் கொண்டுவந்து அந்த ஓக் மரத்தடியில அடக்கம் பண்ணாங்க. அவரைப் பத்தி ரெண்டு வரி கண்டிப்பா சேர்த்துக்கோ அமலி, அந்த ஊருக்கே அவர்தான் வித்து.

*ஜெரோம்:* கோயில் எந்த மாதா பேர்ல?

*ராயப்பன் மாமா:* அமலோற்பவ மாதா. மாதா ஜென்மப் பாவமில்லாம உற்பவிச்சாங்கன்னு அர்த்தம். போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் அதை விசுவாசப் பிரகடனம் செஞ்சது 1854 டிசம்பர் 8, மரத்தடிப் பூசைக்கு 16 நாள் முன்னாடிதான். அமலி, இப்படிப் போடு: "அமலோற்பவ மாதா கோயில், பன்னா மரியா, டெக்சாஸ். பங்கு 1854, முதல் கோயில் 1856, இப்போதைய கோயில் 1878."

*செல்வி அக்கா:* உள்பக்கப் படமும் போடுறதா இருந்தா போலந்துக்காரங்க ரொம்ப வணங்குற செஸ்டகோவா மாதா மொசைக்கை, அதாவது சின்னத் துண்டுகளைப் பதிச்சுச் செஞ்ச படத்தை, விட்டுடாத. போலந்து கிறிஸ்தவத்தோட ஆயிரமாவது ஆண்டு 1966-ல வந்தப்ப அதிபர் லிண்டன் ஜான்சன் கொடுத்தது. 1856 கோயில் பொருள்னு யாரும் எழுதிடாம பார்த்துக்கோ.