அடுக்கம் இறக்கத்தில் முன் பிரேக் கைவிட்டது: சைக்கிளை மாற்றவா, வழியை மாற்றவா?

மேடேறி (மதுரை):

வணக்கம். போன மாதம் கொடைக்கானல் மலைப்பக்கம் சைக்கிளில் தனியாக ஒரு சுற்று போய் வந்தேன். சித்தரேவில் கிளம்பி பெரும்பாறை, மங்களம்கொம்பு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு. இரவு பண்ணைக்காட்டில் தங்கல். மறுநாள் ஊத்து வழியாகப் பெருமாள்மலை ஏறி, அங்கிருந்து அடுக்கம் ரோட்டில் கும்பக்கரைக்கு இறங்கிப் பெரியகுளம் சேர்வதாகத் திட்டம். காபித் தோட்ட நிழலும் மிளகுக்கொடியுமாக முதல் நாள் சொர்க்கம்தான். சிக்கல் எல்லாம் இரண்டாம் நாள்.

அடுக்கம் ஊரைத் தாண்டி ரோடு கப்பி ரோடு மாதிரி ஆகிவிட்டது. ஜல்லி பெயர்ந்து கிடந்தது, வளைவுகளில் மண் சரிந்திருந்தது. அப்போது முன் பிரேக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நாலைந்து வளைவுக்குப் பிறகு லீவர் ஹேண்டில்பாரையே தொட்டுவிட்டது. பின் பிரேக்கையும் இடது காலையும் வைத்து எப்படியோ மலைப்பக்கத்துச் சுவரோரம் நிறுத்தினேன். மீதி வழி பெரும்பாலும் உருட்டிக்கொண்டு நடைதான்.

சைக்கிள் விவரம்: கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், 38 மி.மீ. டயர், காற்று 75 பிஎஸ்ஐ. முன்னால் 46/30 பல், பின்னால் 11–34. நான் 74 கிலோ, சைக்கிள் 12, பை 5. போவதற்கு முந்தின வாரம்தான் கடையில் சர்வீஸ் செய்தேன். இப்போது அதே கடையில் "கேபிள் பிரேக் மலைக்கு லாயக்கில்லை, ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்) மாற்றுங்கள், கியரையும் இன்னும் சின்னதாக மாற்றுங்கள்" என்கிறார்கள். அவர்கள் சொன்ன விலைக்குப் பழைய மொபெட் ஒன்று வாங்கிவிடலாம். உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டுமா?

இன்னொன்று: அடுத்த முறை வெள்ளகவி கிராமம் வழியாக இறங்கலாமா? தார் ரோடே இல்லாத வழி என்று கேள்விப்பட்டேன்.

கட்டைவண்டி:

கியரை முதலில் ஒதுக்கிவிடலாம். முன்னால் 30 பல், பின்னால் 34 பல் என்றால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7 கி.மீ. அதற்கும் கீழே போனால் சைக்கிள் நிமிர்ந்து நிற்காது, தள்ளாடும். பணத்தை அதில் போடாதீர்கள்.

பிரேக்குக்கு வருகிறேன். லீவரைப் பிடிக்கும்போது ரோட்டரின் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்) இரண்டு பக்கமும் அதை அழுத்தும் பேட் நகர்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா? முன் சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பேடையும் வெளியே எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள். சர்வீஸில் என்ன செய்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

மேடேறி:

பார்த்துவிட்டேன் அண்ணா. வெளிப்பக்கப் பேட் மட்டும்தான் நகர்கிறது. அதில் பேட் என்று சொல்ல ஒன்றுமில்லை, பின்தகடு தெரிகிறது. உள்பக்கத்தில் பாதிக்கு மேல் மிச்சம், ஆனால் மேல்பகுதி கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. சர்வீஸில் "பிரேக் லூஸாக இருந்தது, கேபிளை இழுத்துவிட்டோம்" என்றார்கள்.

கட்டைவண்டி:

அப்படியானால் கதை விளங்கிவிட்டது. உங்களுடையது ஒரு பக்கம் மட்டும் தள்ளும் வகை. வெளிப்பேட் ரோட்டரை உள்பேடின் மேல் சாய்த்துத்தான் பிடிக்கும். உள்பேட் தானாக நகராது. அது தேயத் தேய, உள்பக்கத் திருகை ஆலன் கீயால் நாம்தான் முன்னால் கொண்டுவர வேண்டும். அதைத் தொடாமல் கேபிளை மட்டும் இழுத்தால் கேலிப்பரின் (பேடைத் தாங்கி அழுத்தும் பகுதி) கை பாதி தூரம் போன நிலையிலேயே நிற்கும். வீட்டு வாசலில் பிடித்துப் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். மலையில் பேட் கொஞ்சம் தேய்ந்ததும் அந்தக் கைக்கு நகர இடம் இருக்காது. நீங்கள் லீவரைப் பிடித்து இழுத்தது பேடை அல்ல, வெறும் கேபிளை.

கடையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊருக்குள் ஓட்டும் சைக்கிளுக்கு அந்த வேலை ஆறு மாதம் தாங்கியிருக்கும்.

அப்புறம் அந்தப் பளபளப்பு. நீங்கள் இறக்கம் முழுக்கப் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வந்திருக்கிறீர்கள், சரியா? உங்கள் மொத்த எடை 91 கிலோ. ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 890 கிலோஜூல் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். வேகமாகப் போகிறவனுக்கு அதில் நல்ல பங்கு காற்றோடு போய்விடும். மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வருகிறவனுக்குப் பெரும்பகுதி பேடிலும் ரோட்டரிலும் சூடாக இறங்கும். இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. ரெசின் (பிசின் கலந்த) பேடின் மேல்பரப்பு இறுகிக் கண்ணாடியாகிவிடும், பிடிக்காது, கத்தும்.

புதுப் பேட் இரண்டு ஜோடி வாங்குங்கள், உலோகம் கலந்த வகையாக. ரோட்டரில் 'ரெசின் பேட் மட்டும்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் ரோட்டரையும் மாற்ற வேண்டும். கேபிளைத் தளர்த்தி, கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, உள்பேடை ரோட்டருக்கு மயிரிழை தூரத்தில் நிறுத்தி, அதன் பிறகே கேபிளைக் கட்டுங்கள். சமதரையில் இருபது முறை வேகமெடுத்து, முழுதாக நிற்காமல் அழுத்திக் குறையுங்கள். மலையில் வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். பிடி, விடு. பேட் காற்றில் ஆற நேரம் கொடுங்கள்.

75 பிஎஸ்ஐ ஜல்லியில் பந்து மாதிரி குதிக்கும். குதிக்கிற டயருக்குத் தரையில் பிடி ஏது? ட்யூப் வைத்து ஓட்டும் உங்கள் எடைக்குப் பின்னால் 45–50, முன்னால் 40–45 போதும்.

ஓரத்துக்கல்:

ரோட்டரைத் துடைக்க மறக்காதீர்கள். மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கித் துடைத்தால் போதும், நான் அதைத்தான் செய்கிறேன்.

கட்டைவண்டி:

அதில் ஒரு சிக்கல் உண்டு. சில சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் சேர்ப்பார்கள், தோலுக்கு நல்லது, பிரேக்குக்கு விஷம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது ரோட்டரைத் துணியால் மூடுங்கள்.

காபித்தோட்டம் (பண்ணைக்காடு):

எங்கள் ஊரில் தங்கிவிட்டுப் போய் இந்தப் பாடு பட்டிருக்கிறீர்களே தம்பி. வழியைப் பற்றி நான் சொல்கிறேன்.

வெள்ளகவி வேண்டாம். அது நடந்து போகிற ஒற்றையடிப் பாதை. கொடைக்கானலுக்கு வண்டி ரோடு வருவதற்கு முன்பு பெரியகுளத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும் மேலே போன பக்கம் அது. சைக்கிளை நீங்கள் ஓட்ட மாட்டீர்கள், சுமப்பீர்கள். சுற்றியுள்ள காடு 2013-லிருந்து கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமும் ஆகிவிட்டது. காட்டுக்குள் பிரியும் எந்த மண் பாதையும் வனத்துறையைக் கேட்காமல் நுழைகிற இடம் இல்லை, பேரிஜம் ஏரி ரோடும் அப்படித்தான். தோட்டத்துப் பாதைகள் சொந்தக்காரர்களுடையவை, கேட்டால் விடுவார்கள், கேட்காமல் போனால் நாயை விடுவார்கள். படத்தில் பார்க்கிற வெளிநாட்டு ஜல்லிப் பாதையை இங்கே தேடாதீர்கள். எங்கள் மலையின் ஜல்லிப் பாதை பெயர்ந்த தார் ரோடுதான்.

சுற்றைத் திருப்பிப் போடுங்கள். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரைப் பக்கமாக அடுக்கம் ஏறி, பெருமாள்மலை, ஊத்து, பண்ணைக்காடு, தாண்டிக்குடி வந்து, பெரும்பாறை வழியாக மருதாநதிப் பக்கம் இறங்குங்கள். மோசமான ரோட்டில் ஏறுவது கால் வலி. அதில் இறங்குவது உயிர்ப் பயம்.

மேடேறி:

நல்ல யோசனை அக்கா. ஆனால் அடுக்கம் பக்கம் தெற்குப் பார்த்த சரிவு, கீழ்ப்பகுதியில் நிழலே இல்லை. விடியற்காலை நாலரைக்கே கிளம்பிவிடவா?

காபித்தோட்டம்:

அதை மட்டும் செய்யாதீர்கள். இருட்டில் காட்டு மாடு ரோட்டில் படுத்திருக்கும், சைக்கிளுக்குச் சத்தமும் கிடையாது, பக்கத்தில் போன பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரியும். நன்றாக விடிந்த பிறகு ஆறு, ஆறேகாலுக்குக் கிளம்புங்கள். எதிரில் மாடு நின்றால் மணி அடிக்காதீர்கள், நில்லுங்கள், அது போகட்டும். தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கம் யானை இறங்கியிருக்கிறதா என்று டீக்கடையில் கேட்டுவிட்டு நகருங்கள், அவர்களுக்குத்தான் அன்றன்றைக்குத் தெரியும். மழை பெய்த வாரம் அடுக்கம் ரோட்டில் மண் சரியும், முந்தின நாளே விசாரியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வரவே வேண்டாம்.

தண்ணீருக்குச் சொந்த பாட்டில் குறைந்தது மூன்று கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலையில் தடை. சைக்கிளைக் காரில் ஏற்றி மேலே வருவதாக இருந்தால் காருக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே முதல் அப்படி.

மேடேறி:

மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதுகிறேன். புதுப் பேட், உள்திருகைச் சரிசெய்ய அரை மணி நேரம். ஹைட்ராலிக் பேச்சை எடுக்கவே இல்லை. இந்த முறை பெரியகுளத்தில் ஆறேகாலுக்குக் கிளம்பிப் பெருமாள்மலை சேர்ந்தபோது மணி பதினொன்றரை. அதில் நாற்பது நிமிடம் ஒரு காட்டு மாட்டுக் கூட்டத்துக்காக நின்றது. குட்டி ஒன்று ரோட்டை விட்டு நகர மறுத்தது. கீழ்ப்பகுதி வெயில் நினைத்ததைவிடக் கொடுமை, இரண்டு பாட்டில் அங்கேயே தீர்ந்தது. காற்றைக் குறைத்தது ஏற்றத்திலும் உதவியது, பின்சக்கரம் ஜல்லியில் சுற்றவில்லை.

மறுநாள் பெரும்பாறை இறக்கத்தில் பிடி, விடு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முன் பிரேக் ஒரு முறைகூடக் கத்தவில்லை. லீவர் தொடக்கத்தில் எங்கே பிடித்ததோ, சித்தரேவிலும் அங்கேயே பிடித்தது. அண்ணாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

கட்டைவண்டி:

மகிழ்ச்சி. பின் பிரேக்கும் அதே வகை, அதே சர்வீஸ். அதைக் கழற்றிப் பார்த்தீர்களா?

மேடேறி:

இல்லை. இதோ, ஆலன் கீயை எடுக்கிறேன்.