எல்டர் பூ கார்டியல் நுரைக்கிறது, பூனை மூத்திர வாடை வேறு. எங்கே தப்பு?

கேள்வி (தேன்சிட்டு)
லண்டனில் கால்வாய்க் கரையில் பறித்த எல்டர் (கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ பூக்கும் மரம்) பூவில் கார்டியல் (தண்ணீர் கலந்து குடிக்கும் இனிப்புப் பாகு) போட்டேன். 30 கொத்து, 1 கிலோ சர்க்கரை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், 2 எலுமிச்சை. பூவை நன்றாக அலசி, கொதிக்கும் பாகை மேலே ஊற்றி, 3 நாள் மூடி வைத்து வடிகட்டினேன். பத்தாம் நாள் மூடியைத் திருகினால் சோடா மாதிரி பொங்குகிறது. வாடையும் சரியில்லை. ஜூன் கடைசி ஆகிவிட்டது, இனிமேல் பூ கிடைக்குமா?

வடலி
சீனி காணாது, அதுதான் முதல் பிழை. பூவிலேயே காட்டு ஈஸ்ட் (சீனியைத் திண்டு மதுவாக்கி நுரைக்க வைக்கிற நுண்ணுயிர்) இருக்கு. ஒன்றரை லிட்டருக்கு 1 கிலோ எண்டால் 40 சதவீதம்தான், ஈஸ்டுக்கு அது விருந்து. அதே தண்ணிக்கு இரண்டரை கிலோ போடுங்கோ. 60 சதவீதத்துக்கு மேல போனால் ஈஸ்ட் லேசில தலை தூக்காது. 20 முதல் 25 கொத்து போதும். சிட்ரிக் ஆசிட் 80 கிராம், லெமன் 2 (மெழுகு பூசாதது, தோலைச் சீவிப் போட்டு மிச்சத்தை வட்டமாக வெட்டுங்கோ). இந்த அளவுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் வரும்.

சீனி கரைஞ்சதும் அடுப்பை நிப்பாட்டி, விரலை வைத்தால் இளஞ்சூடாகத் தெரியும் வரை ஆறவிட்டுப் பூவைப் போடுங்கோ. கொதிக்கக் கொதிக்க ஊத்தினால் வாசம் ஆவியோட போயிடும், மிஞ்சுறது அவிச்ச இலை ருசி. 24 மணித்தியாலம் போதும். மூண்டு நாள் எண்டது ஈஸ்டுக்கு நீங்கள் குடுத்த விடுமுறை.

கொல்லிமலைத் தேன்
வாடைக்குக் காரணம் பெரும்பாலும் பழைய பூ. கொத்தில் பூக்கள் விரிந்து, ஓரத்தில் சில மொட்டு இன்னும் இருக்கும்போது பறிக்க வேண்டும். பழுப்பேறினால் பூனை வாடைதான். மழை நின்று, வெயில் ஏறிய காலையில், மூக்கைக் கொத்தருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சில மரம் நல்ல பூவிலேயே நாறும், விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள்.

அலசவே கூடாது. மணம் அந்த மஞ்சள் மகரந்தத்தில்தான் நிறைய இருக்கிறது. தாளில் கவிழ்த்து அரை மணி நேரம் வைத்தால் பூச்சிகள் தானே வெளியேறும். பச்சைக் காம்பை முடிந்தவரை கத்தரித்துவிடுங்கள், கசப்பு மட்டுமில்லை, காம்பிலும் இலையிலும் சயனைடு தரும் பொருள் உண்டு.

பார்த்துப் பறியுங்கள்: எல்டர் மரக்கட்டையுள்ள புதர், பட்டை தக்கை போலிருக்கும், இலைகள் எதிரெதிராக, ஒவ்வொன்றிலும் 5 முதல் 7 சிற்றிலை. தண்டு பச்சையாக, உள்ளே வெற்றாக, ஊதாப் புள்ளிகளோடு இருந்தால் அது ஹெம்லாக், கொல்லும் விஷம்.

தேன்சிட்டு
நன்றி. சிட்ரிக் ஆசிட் மருந்துக்கடையில் கேட்டால் ஏன் என்று விசாரிக்கிறார்கள். பொங்கிய பாட்டில்களை என்ன செய்வது?

வடலி
ஹெராயின் கரைக்க அதைப் பாவிக்கிறவங்கள், அதுதான் விசாரணை. எங்கட சனத்தின்ர பலசரக்குக் கடைகளில கேளுங்கோ, வீட்டு மது காய்ச்சுறவைக்கான கடைகளிலயும் இருக்கும்.

கண்ணாடிப் போத்தலெண்டால் துவாயால சுத்திப் பிடிச்சு மெல்ல மெல்லத் திறவுங்கோ, வெடிக்கக்கூடும். பூஞ்சணம் இல்லாட்டி ஃபிரிட்ஜில வைச்சு வேகமாக முடிக்கலாம், ஆனால் கொஞ்சம் மது ஏறியிருக்கும், பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ. திருப்பிக் காய்ச்சிப் பழைய வாசத்தைக் கொண்டுவரேலாது.

கொல்லிமலைத் தேன்
அடுத்த முறை பழைய பருத்தி வேட்டித் துணியில் வடித்து, 75 முதல் 80 டிகிரி வரை சூடாக்கி, கொதிக்கவிடாமல், சூடான பாட்டிலில் நிரப்பி உடனே மூடுங்கள். மாதக்கணக்கில் வைக்க ஃப்ரீசரே மேல்: பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே நாலு விரல் இடம் விட்டு வையுங்கள். அவ்வளவு சர்க்கரையில் கல்லாக உறையாது, கரண்டியால் அள்ளலாம். ஒரு பங்குக்கு எட்டு பங்கு தண்ணீர்.

சட்டப்படி இங்கிலாந்தில் காட்டில் தானாக வளரும் பூவை வீட்டு உபயோகத்துக்குப் பறிப்பது திருட்டு ஆகாது (1968 திருட்டுச் சட்டம்), விற்கப் பறித்தால்தான் சிக்கல். ஆனால் ஹைட் பார்க், ரிச்மண்ட் பார்க் போன்ற ராயல் பூங்காக்களில் பறிக்கவே தடை. பூவுக்கு, நிழலிலும் வடக்குப் பார்த்த இடத்திலும் பிந்திப் பூத்த மரத்தைத் தேடுங்கள். ஸ்காட்லாந்துப் பக்கம் போக வாய்ப்பிருந்தால் ஜூலையிலும் கிடைக்கும்.