ரொட்டிக்கு 500 மில்லியன், கோழிக்கு ஒன்றுமில்லையா?

தேக்காவாசி:
கோழி விநியோகிப்பாளர்கள் விவகாரத்தில் பயனீட்டாளருக்கு நீதி கிடைத்துவிட்டதாக நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்து எரிச்சல்தான் மிஞ்சியது. சிங்கப்பூரில் விற்கும் புதுக்கோழியில் 90 விழுக்காட்டுக்கு மேல் விநியோகித்த 13 நிறுவனங்கள், 2007 முதல் 2014 வரை கூடிப் பேசி விலையை உயர்த்தியதற்காக, 2018இல் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் ஏறத்தாழ 26.9 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது. கோழி வாங்கிச் சமைத்த எவருக்காவது அதில் ஒரு காசு வந்ததா? கனடாவில் ரொட்டி விலையில் இதே வேலையைச் செய்த பேரங்காடி நிறுவனமான லோப்லாவும் அதன் தாய் நிறுவனமான ஜார்ஜ் வெஸ்டனும், மக்கள் கூட்டாகத் தொடுத்த வழக்குகளில் 500 மில்லியன் கனடிய வெள்ளியை மக்கள் கையில் கொடுக்க 2024இல் இணங்கின.

ஜூரோங் கணக்கர்:
மக்கள் கையில் 500 மில்லியன் இல்லை, ஐயா. இதே ரொட்டி விவகாரத்துக்காக 2018இல் லோப்லா மக்களுக்கு வழங்கிய 25 வெள்ளிப் பரிசு அட்டைகளுக்காக 96 மில்லியன் அந்தத் தொகையிலேயே கழிக்கப்பட்டது, எஞ்சியது 404. வழக்கறிஞர் கட்டணமும் அதிலிருந்துதான். கழித்தலை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவது உங்களுக்குப் புதிதல்ல. பொருள், சேவை வரி விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள்.

தேக்காவாசி:
பழைய பகையை இங்கே இழுக்க வேண்டாம். அட்டையைப் பெற்றவர்களும் மக்கள்தானே? 404உடன் 96ஐக் கூட்டினால் எவ்வளவு என்பதைக் கணக்கரே சொல்லட்டும்.

ஜூரோங் கணக்கர்:
அந்த அட்டை லோப்லாவின் கடைகளில் மட்டுமே செல்லும். விலையைக் கூட்டியவனுடைய பேரங்காடிக்கே திரும்பப் போய், அவன் ஒட்டிய விலைக்கே பொருள் வாங்குவதைப் பணம் பெற்றதாக எழுத உங்களால்தான் முடியும். ஆகவே 404.

பொன்னி:
இருவரும் ரொட்டியை விட்டுவிட்டுக் கோழிக்கு வரலாமே. ஆணையத்தின் முடிவு இறுதியான பின் தனியார் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்க நம் போட்டித்தன்மைச் சட்டமும் இடம் தருகிறது. ஆனால் நேரடியாக நட்டமடைந்தவருக்கே அந்த உரிமை என்று அது சொல்கிறது. விநியோகிப்பாளரிடம் வாங்கியவர் கடைக்காரர், நாம் வாங்கியது அவரிடம். போதாக்குறைக்கு, ஈரச்சந்தையில் தோலை உரித்துத் துண்டு போட்டுப் பையில் கட்டித் தருபவர் விலையை வாயால் சொல்வதோடு சரி. 2009இல் வாங்கிய கோழிக்கு எதைக் காட்டுவது? கனடாவில் ரசீது இல்லாமலே விண்ணப்பிக்க விட்டார்கள்.

ஜூரோங் கணக்கர்:
சட்ட வகுப்புக்கு நன்றி. ஆனால் ரசீது கேட்காததைப் பெருந்தன்மையாகக் காட்டுவதும் தவறு. இருபது ஆண்டுக் கால ரொட்டிக்கு யாரிடம் ரசீது இருக்கும்? கேட்டிருந்தால் ஒருவரும் விண்ணப்பித்திருக்க மாட்டார். எப்படிப் பார்த்தாலும் 404.

பொன்னி:
பெருந்தன்மை என்று நான் எழுதவே இல்லை. எழுதாததற்குப் பதில் சொல்வதில் உங்களுக்கு நிகர் நீங்கள்தான்.

தேக்காவாசி:
அவர் அப்படித்தான், அம்மா. ஒப்பந்தத்தில் இருக்கும் எண் 500. நாளிதழ்கள் எழுதியதும் 500. ஜூரோங்கில் மட்டும்தான் அது 404.

ஜூரோங் கணக்கர்:
தலைப்பை மட்டும் படிப்பவருக்கு 500தான். போகட்டும், நீங்கள் செய்த பெரிய பிழையை இதுவரை ஒருவரும் தொடவில்லை: இங்கு விதித்த அபராதத்தை அங்கு வழக்கில் வந்த இழப்பீட்டோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அபராதத்தோடு அபராதத்தை வையுங்கள். அதே ரொட்டி விவகாரத்தில் கனடா பிரெட் நிறுவனத்துக்கு 2023இல் 50 மில்லியன் அபராதம் விதித்தார்கள். அது அரசுக்குப் போனதே தவிர ரொட்டி வாங்கியவருக்குப் போகவில்லை. லோப்லாவும் வெஸ்டனும் முந்திக்கொண்டு உண்மையை ஒப்புக்கொண்டதால் குற்றவியல் வழக்கிலிருந்து விலக்குப் பெற்றன, அபராதமே கட்டவில்லை. இதுதான் நீங்கள் மெச்சும் நாடு.

தேக்காவாசி:
அந்த 50 மில்லியனைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. கேட்டது கோழி வாங்கியவருக்கு என்ன கிடைத்தது என்று. அதற்கு உங்கள் மூன்று பதிவுகளிலும் விடை இல்லை.

ஜூரோங் கணக்கர்:
நான்கு பதிவுகள், ஐயா. இங்கும் எண்ணிக்கை தவறு.