நேபாள ஊழியப் பயணம்: அந்த ஊர் மக்களோடு உறவாகப் பழகுவது எப்படி?

கேள்வி (காரைக்குடி, வாலிபர் ஐக்கியச் செயலாளர்):

அனைவருக்கும் ஆண்டவரின் நாமத்தில் வணக்கம். எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஒரு சிறு குழு, வருகிற மே மாதம் நேபாளத்தில் கோர்க்கா மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றுக்குச் செல்ல இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் ஆலயம் இடிந்து, பிறகு விசுவாசிகளே கல் சுமந்து மீண்டும் கட்டிக்கொண்ட ஒரு சிறிய சபை எங்களை அழைத்திருக்கிறது. பயண ஏற்பாடுகளை எங்கள் சபைப் போதகரான ஐயர் கவனித்துக்கொள்கிறார். என் கவலை வேறு. எங்களில் எவருக்கும் நேபாளி மொழி தெரியாது; இந்தியும் ஓரிருவருக்கு அரைகுறையாகத்தான் வரும். பாட்டுப் பாடி, ஜெபித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டால், நாங்கள் வந்துபோனது அந்த ஊராருக்கு ஒரு வேடிக்கையாக மட்டுமே இருக்கும் என்று அஞ்சுகிறேன். அவர்களுக்குப் பாரமாக இல்லாமலும், சட்டச் சிக்கலை உண்டாக்காமலும், உண்மையாக நெருங்கிப் பழக என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் 1 (தேவகோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்):

தம்பி, முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு, ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி, அதற்கு ஐந்து ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. வெளிநாட்டவராக இருந்தால் நாட்டைவிட்டும் வெளியேற்றுவார்கள். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்பதால், பக்கத்து ஊருக்குப் போவதுபோல நினைத்துவிட வேண்டாம். நீங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள். வழக்கையும் விசாரணையையும் சந்திக்க வேண்டியவர்கள் அந்தச் சபையார்தான். ஆகவே எங்கே பேசலாம், யாரிடம் பேசலாம், எந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்யட்டும். குழந்தைகளுக்கு உடையோ பணமோ நேரடியாகக் கொடுப்பதும் ஆசை காட்டி மாற்றியதாகக் குற்றம் சாட்ட இடமளிக்கும்.

அங்கே வார விடுமுறை சனிக்கிழமை என்பதால், ஆராதனையும் பெரும்பாலும் அன்றுதான் நடைபெறும். 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி நண்பகலுக்குச் சற்று முன் நிலம் அதிர்ந்ததும் ஒரு சனிக்கிழமையில்தான். ஆராதனையில் கூடியிருந்த பலர் பல ஊர்களில் இடிபாடுகளுக்குள் மாண்டார்கள். உங்களை அழைத்த சபையிலும் அப்படி யாரையேனும் இழந்தவர்கள் இருக்கக்கூடும். சாட்சி சொல்லுங்கள் என்று அவர்களை எழுப்பி நிறுத்தாதீர்கள். அவர்களாகச் சொன்னால் அருகில் அமர்ந்து கேளுங்கள். மொழிபெயர்ப்பவர் இல்லாவிட்டாலும் எழுந்து போகாதீர்கள்.

நம் பகுதிக்கும் ஒரு காலத்தில் இப்படி அந்நியர் வந்தார்கள். லிஸ்பனில் பிறந்து, 1693-இல் ஓரியூரில் உயிர்நீத்த குருவானவர் அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) நம் மக்கள் இன்றுவரை சொந்தமாகக் கொண்டாடுவதற்குக் காரணம், அவர் இரத்தம் சிந்தியது மட்டுமன்று. தமிழைக் கற்று, புலால் நீக்கி, காவி உடுத்தி, இந்த மண்ணின் துறவிகள் உண்டதை உண்டு, அவர்கள் நடந்த வழியிலேயே நடந்தார். அத்தனை ஆண்டுகளில் அவர் செய்ததைச் சில நாட்களில் எவராலும் செய்ய முடியாது. அந்தச் சபைக்கு அடங்கி நடப்பது உங்களால் முடியும்.

பதில் 2 (பள்ளத்தூர், நேபாளத்தில் செவிலியராகப் பணியாற்றியவர்):

தம்பி, மொழி தெரியவில்லையே என்று கலங்க வேண்டாம். நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது: தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கையால் பிசைந்து சாப்பிடத் தெரிந்தவர்கள் நாம். மேசை நாற்காலி தேடும் விருந்தினரைவிட நம்மை அவர்கள் எளிதாக ஏற்றுக்கொள்வார்கள். மலைக் கிராமங்களில் காலையில் தேநீர், பத்து மணி வாக்கில் பருப்பும் சோறும், மீண்டும் இரவில் அதே உணவு. சோற்றுக்குப் பதிலாகக் கேழ்வரகு மாவிலோ மக்காச்சோள மாவிலோ கிண்டிய 'டிடோ' கிடைக்கும். நம் களிதான் அது. அதோடு புளிக்கவைத்து உலர்த்திய கீரையில் செய்யும் 'குந்த்ருக்' குழம்பு வரும். வாடை சற்று முன்பின் இருந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். என்னிடம் வெகுநாள் பேசாமலே இருந்த ஓர் அம்மாள், இந்தக் கீரையை எப்படிப் பதப்படுத்துகிறீர்கள் என்று நான் சைகையால் கேட்டதும், என் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப்போய், பாயில் காய்ந்துகொண்டிருந்த கடுகுக்கீரையை அள்ளி முகரக் கொடுத்தார். கற்றுக்கொடுக்கப் போகிறவரைவிட, கற்றுக்கொள்ளக் கேட்பவரிடம் மனிதர்கள் சீக்கிரம் மனம் திறக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். அழைக்காமல் அடுப்பங்கரைக்குள் நுழைய வேண்டாம். எச்சில் பட்ட தட்டையோ கரண்டியோ பிறர் உணவில் படவிடாதீர்கள்; தண்ணீரை அண்ணாந்து குடியுங்கள். இவற்றையெல்லாம் நம் ஆச்சிமார் நமக்குச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். வயதில் மூத்த பெண்களை 'தீதி', அதாவது அக்கா, என்று கூப்பிடுங்கள். பெயர் சொல்லி அழைப்பதை அவர்கள் விரும்பமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. பல வீடுகளில் ஆண்கள் இருக்கமாட்டார்கள். வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும்தான். ஆகவே ஆண்பிள்ளைகள் மட்டும் கூட்டமாக எந்த வீட்டிற்குள்ளும் போகக்கூடாது. ஆனால் அந்தப் பெண்களோடு பேச நமக்கு இருப்பதுபோன்ற உரிமை வேறு யாருக்கு இருக்கிறது? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களுக்காக வளவு வீடுகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்களின் ஊர் நம்முடையது. இன்றும் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் அழைப்புக்காகக் கைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உறங்குகிறவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். உங்கள் குழுவில் தகப்பனோ அண்ணனோ வெளிநாட்டில் இருப்பவர் இருந்தால், அவருடைய படத்தை எடுத்துச் சென்று காட்டச் சொல்லுங்கள். அவர்களும் உள்ளே போய்த் தங்கள் வீட்டுப் படத்தை எடுத்து வருவார்கள். அதன்பின் ஜெபிக்கட்டுமா என்று கேட்பதற்கும் ஒரு பொருள் இருக்கும். அவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடவும் வேண்டும்.

பதில் 3 (காரைக்குடி, உணவகம் நடத்துபவர்):

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் இந்தக் கேள்வி என்னைச் சார்ந்தது என்பதால் எழுதுகிறேன். என் கடையில் நேபாளத்துப் பிள்ளைகள் சிலர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவரின் வீடு கோர்க்கா பக்கம்தான். மதியப் பந்தி முடிந்து மூன்று மணிக்கு மேல் அவர்களுக்கு ஓய்வு. மே மாதம் வரை வாரம் ஒருமுறை வந்து அமர்ந்து பேசுங்கள். நலம் விசாரிக்கவும், நன்றி சொல்லவும், சோறு போதும் என்று சொல்லவும் அதற்குள் பழகிவிடும். நீங்கள் போகும் ஊரிலிருந்து எட்டும் தொலைவில் அவருடைய வீடு இருந்தால், தாயாருக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்ப அவர் நிச்சயம் விரும்புவார். மனகோலம், தேன்குழல் என்று நம் ஊர்ப் பலகாரங்களை நானே கட்டித் தருகிறேன்.

ஒரு வேண்டுகோள். அந்தப் பொட்டலத்தோடு துண்டுப்பிரசுரம் எதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். மகன் அனுப்பியது மகன் அனுப்பியதாகவே அந்த அம்மாளின் கைக்குப் போய்ச்சேர வேண்டும். கானாடுகாத்தானில் நம் வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டாரில், முகப்பில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு போகிறவர் யாரென்று யாருக்கும் நினைவிருப்பதில்லை. திண்ணையில் அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்து, வீட்டுப் பெரியவரை விசாரித்தவரைப் பற்றி ஆண்டுகள் கழித்தும் பேசுகிறோம்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நிகழ்ச்சி நிரலில் ஞாயிறு என்று போட்டிருந்ததைச் சனிக்கிழமையாக மாற்றுமாறும், ஒளிப்பதிவுத் திட்டத்தை அந்தச் சபையின் விருப்பத்திற்கு விட்டுவிடுமாறும் ஐயரிடம் சொல்கிறேன். உணவக ஐயா, இந்த வாரமே மூன்று மணிக்கு வருகிறோம். துண்டுப்பிரசுரம் இருக்காது, உறுதி கூறுகிறேன். அக்கா, எங்கள் குழுவில் சகோதரிகள் இருவர்தான் இருக்கிறார்கள். அது போதுமா?

பதில் 2 எழுதியவர்:

இருவர் போதாது, தம்பி. மாதர் சங்கத்திலிருந்து மலை ஏறக்கூடிய, வயதில் மூத்த ஓர் அம்மாவையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். இளம்பெண்கள் தனியாகப் போவதைவிட, ஒரு தாய் உடன் வந்தால் அந்த வீட்டுப் பெரியவர்கள் தயங்காமல் உள்ளே அழைப்பார்கள்.