நீர்ப்பூங்கா வேண்டாம்: ஸ்டட்லி ராயலுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரின் ஸ்டட்லி ராயல் தோட்டத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கான கையேட்டு வரைவில் ‘வாட்டர் கார்டன்’ என்பதற்கு ‘நீர்ப்பூங்கா’ என்று இருக்கிறது. படிப்பவர் சறுக்குக் குழாயையும் செயற்கை அலையையும் எதிர்பார்ப்பார். ‘நீர்த்தோட்டம்’ என்றால் அல்லி, தாமரை வளர்க்கும் இடமாகிவிடும். அங்கே பூவுக்கு முதலிடம் இல்லை. நீர், புல்வெளி, மரம், சிலை இவைதான் தோட்டம். இதன் உரிமையாளரும் நிதியமைச்சராக இருந்தவருமான ஜான் ஏஸ்லபி 1721இல் தென்கடல் நிறுவனப் பங்கு ஊழலில் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டபின் முழுமூச்சாக இறங்கிய வேலை இது. ஸ்கெல் ஆற்றையே நேராக்கிக் கால்வாய் ஆக்கினார். பக்கத்தில் வட்டமாக ஒரு குளம், அதன் இருபுறமும் பிறைக் குளங்கள். நீருக்கு வடிவம் கொடுப்பதே இங்கே கலை. ‘நீர்க்கோலத் தோட்டம்’ என்று வைக்கலாமா?

*

ஐயா, வணக்கம்.

காரணம் சரி, சொல் ஒட்டவில்லை. நீர்க்கோலம் நம் இலக்கியத்தில் நிலையாமைக்கு உவமை. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாகக் கரை குலையாமல் காத்து வரும் குளத்துக்கு அது பொருந்தாது. ‘நீர்வடிவத் தோட்டம்’ போதும்.

‘கேஸ்கேட்’ என்பதற்கு ‘அருவி’ என்று எழுதியிருப்பதையும் மாற்ற வேண்டும். கால்வாய் முடியுமிடத்தில், இரண்டு மீன்பிடி மண்டபங்களுக்கு நடுவே, கட்டுமானத்தின் மேல் வழிந்து நீர் ஏரியில் விழுகிறது. கலிங்கு என்றும் சொல்ல முடியாது; கலிங்கில் மிகுதி நீர்தான் போகும், இங்கே ஆறே வழிகிறது. ‘கட்டருவி’ என்பது என் பரிந்துரை.

வழியையும் திருத்துங்கள். ஏரிப்பக்க வாயிலில் நுழைந்தால் கட்டருவி, கால்வாய், வட்டமும் பிறையுமான நிலாக்குளங்கள் என்று வரிசையாக வரும். பிறகு மேடேறி, வளைந்த சுரங்கப்பாதையையும் எண்கோணக் கோபுரத்தையும் கடந்தால், ஃபவுண்டன்ஸ் என்ற பழைய கிறிஸ்தவத் துறவியர் மடத்தின் இடிபாடு மரங்களுக்கிடையே திடீரென்று தெரியும். வரவேற்பு மையத்தின் வழியே போனால் மடம் முதலிலேயே கண்ணில் பட்டுவிடும். அந்த வியப்பு போய்விடும். ஏற்றம் செங்குத்து, சுரங்கம் இருட்டு. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குக் கீழ்ப்பாதையைக் குறிப்பிடுங்கள்.

*

இரு சொற்களும் எனக்கு உடன்பாடு. ஒன்று சேர்க்க வேண்டும்: கனமழைக்கு மறுநாள் போக வேண்டாம். ஆறு செம்மண் நிறத்தில் வரும். குளத்தில் கரையிலுள்ள கோயில் வடிவ மண்டபத்தின் நிழல் தெரியாது. காற்றில்லாத காலைதான் நல்லது. நேராக்கிய, அகலமான நீர்ப்பரப்பில் வேகம் குறைவதால் வண்டல் அங்கேயே படிகிறது, ஏரியும் மேடிடுகிறது. அந்த வண்டலை அகற்றும் வேலைக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ‘தூர்வாருதல்’ என்றே எழுதுங்கள்.