பொதுக்கடலில் மாதிரி எடுக்க அனுமதி வேண்டுமா?

கேள்வி: 2026 ஜனவரி 17 முதல் நடப்புக்கு வந்த பொதுக்கடல் (எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல்) ஒப்பந்தப்படி, அங்கே கடற்பஞ்சு என்ற கடலுயிரின் மாதிரி எடுக்க யாரிடம் அனுமதி வாங்கணும்?

பதில் 1: அனுமதி தேவையில்லைங்க, அறிவிப்பு கொடுத்தா போதும். 6 மாதம் முன்பே, முடியாட்டி இயன்றவரை சீக்கிரம், ஒப்பந்தத்தின் தகவல் பரிமாற்ற மையத்துக்கு (இணையத் தளம்) இந்த விவரங்கள் போகணும்: நோக்கம், இடம், கப்பல், தேதி, வளரும் நாட்டு ஆய்வாளர்கள் சேர வாய்ப்பு. மையம் அந்த மாதிரித் தொகுதிக்கு ஓர் அடையாள எண் தரும்.

பதில் 2: அந்த எண்ணை ஒவ்வொரு மாதிரிக் குழாயின் லேபிளிலும் எழுதுங்க. ஓராண்டுக்குள் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், மாதிரி இருக்கும் இடம், மரபணு வரிசை உள்ள தரவுத்தளம் எல்லாம் அதே எண்ணோடு மையத்துக்குப் போகணும். எண் விட்டுப்போனா வரிசையையும் மாதிரியையும் இணைக்க முடியாது. மாதிரியால் வரும் பலனை நாடுகளுக்குள் பகிர்வதும் கஷ்டமாயிடும்.

பதில் 3: முக்கியமான ஒன்னு. கடற்பஞ்சு கடல்தரையில் ஒட்டி வாழ்வது. கரையிலிருந்து 200 கடல்மைலுக்கு அப்பாலும் கண்டத்திட்டு (ஒரு நாட்டு நிலத்தின் கடலடித் தொடர்ச்சி) நீண்டிருந்தா, அந்தத் தரையின் வளங்களும் அதில் ஒட்டி வாழும் உயிர்களும் கரைநாட்டு உரிமை. 1982 கடல்சட்ட உடன்படிக்கைப்படி அங்கே மாதிரி எடுக்க அந்நாட்டின் சம்மதம் தனியா வேணும்.